ராஜா ஜோடி வந்தா ராஜா ஆயிட முடியுமா?

டிஸ்கி: இது சீட்டாட்டத்துக்கு ஆள் பிடிக்கும் பதிவு இல்லை. இருபதாயிரம் ரூபாய் ஃபீஸ் கட்டிப் படித்த பாடத்தை உங்களுக்கு இலவசமாகச் சொல்லும் பதிவு. சீட்டுக்கட்டைத் தொட்டதே இல்லை என்பவர்களும் பயப்படாமல் படிக்கலாம். தேவையான விளக்கம் போகிற போக்கில் வரும் :-)

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ராத்திரி. நாக்பூர் குவார்ட்டர்ஸில் எங்க வீட்டு ஹாலில் பாய் விரித்து ஆட்டம். ஆட்டம் டெக்சாஸ் ஹோல்டெம் போக்கர். பணம் கிடையாது. ஆளுக்கு இருநூறு புளியங்கொட்டை. ஊரிலிருந்து அம்மா கொட்டை எடுக்காத புளி கொடுத்து அனுப்புவதில் இப்படி ஒரு உபயோகம். ஆடுபவர்கள் நான், பிளஸ் டூ படிக்கும் பையன், மாடி வீட்டு அண்ணாச்சி (தூத்துக்குடிக்காரர், ரயில்வேயில் இருக்கிறார்), கீழ்வீட்டு மராட்டி நண்பர். தங்கமணி ஆட மாட்டாங்க. எல்லாரையும் திட்டுவதற்கு வசதியாக சோபாவில் உட்கார்ந்திருப்பாங்க.

பையனுக்கு ராஜா ஜோடி சேர்ந்தது. மூன்று சுற்றும் விடாமல் கட்டினான். கடைசியில் கீழ்வீட்டுக்காரர் எட்டும் நாலுமாக இரண்டு ஜோடியைக் காட்ட, இருநூறு கொட்டையும் போச்சு. பையன் சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சொன்னான்: "லக்கே இல்லப்பா. இவ்ளோ நல்ல கை வந்தும் போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. 2017 டிசம்பரில் இதே வாக்கியத்தை, ஒரு எழுத்து மாறாமல், நான் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் போனது புளியங்கொட்டை இல்லை.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு இரண்டு சீட்டு, அடுத்தவருக்குத் தெரியாமல். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு. அதில் முதல் மூன்றும் ஒன்றாக விழும், அதற்கு ஃப்ளாப் என்று பெயர். நாலாவது டர்ன். அஞ்சாவது ரிவர். உங்கள் இரண்டு, பொதுவான ஐந்து, ஆக ஏழில் எந்த ஐந்து சிறந்ததோ அதுதான் உங்கள் கை. முதல் இரண்டு சீட்டு வந்ததும் ஒரு சுற்று, பிறகு ஃப்ளாப், டர்ன், ரிவர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று, ஆக நாலு சுற்று பணம் கட்டலாம். கட்டாமல் 'செக்' என்று சொல்லி அடுத்தவரிடம் தள்ளிவிடலாம். அடுத்தவர் கட்டியதற்குச் சமமாகப் போட்டு 'கால்' பண்ணலாம் (போன் கால் இல்லை). அதைவிடக் கூட்டி 'ரெய்ஸ்' பண்ணலாம். கவிழ்த்துவிட்டு வெளியேறலாம், நம்ம ரம்மி பாஷையில் ஸ்கூட். நோ லிமிட் என்றால் எந்தச் சுற்றிலும் உங்கள் முன்னால் இருக்கும் மொத்தத்தையும் நடுவில் தள்ளலாம். இந்தக் கடைசி விதியில்தான் விஷயமே இருக்கிறது.

டாப் பேர் என்பது என்ன? நடுவில் விழுந்ததிலேயே பெரிய சீட்டு எதுவோ, அதற்கு ஜோடி உங்கள் கையில் இருப்பது. நடுவில் ராஜா, எட்டு, அஞ்சு. உங்கள் கையில் ராஜா, ராணி. உங்களுக்கு ராஜா ஜோடி. கூட இருக்கும் ராணிக்கு கிக்கர் என்று பெயர். எதிராளிக்கும் ராஜா ஜோடி என்றால் கிக்கர் பெரிதாக வைத்திருப்பவர் ஜெயிப்பார். ஜோடி இல்லாத இரண்டு சீட்டோடு ஃப்ளாப் பார்த்தால் ஏறக்குறைய மூன்றுக்கு ஒரு தடவைதான் ஒரு ஜோடியாவது சேரும். மற்ற இரண்டு தடவையும் வெறுங்கை. அதனால் அரை மணி நேரமாக ஸ்கூட் போட்டுக்கொண்டே இருந்தவனுக்கு ராஜா ஜோடி சேர்ந்தால், ரேஷன் க்யூவில் நின்று நின்று கடைசியில் சர்க்கரை கிடைத்த மாதிரி இருக்கும். அந்த சந்தோஷம்தான் ஆபத்து.

அடுத்தது உட்காரும் இடம். மேஜையில் ஒருவருக்கு முன்னால் 'பட்டன்' இருக்கும், ஆட்டத்துக்கு ஆட்டம் அது நகரும். பட்டனுக்கு இடப்பக்கம் உள்ள இரண்டு பேர் சீட்டைப் பார்ப்பதற்கு முன்பே கட்டாயமாக ஒரு தொகை வைக்க வேண்டும், அது பிளைண்ட். ஃப்ளாப் விழுந்த பிறகு மூன்று சுற்றிலும் அவர்கள்தான் முதலில் பேச வேண்டும். பட்டன்காரர் எல்லாரும் செய்ததைப் பார்த்துவிட்டுக் கடைசியில் பேசுவார். அவருக்கு உங்களைப் பற்றி ஒரு தகவல் கூடுதலாகத் தெரியும். உங்களுக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. மூன்று சுற்றும் இதே கதைதான்.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது டாப் பேர் என்பது சின்னப் பணத்தை ஜெயிக்கும் கை. அதை வைத்துக்கொண்டு பெரிய பணத்தைக் கட்டித் தோற்கிறவன் துரதிர்ஷ்டசாலி இல்லை. கணக்குப் போடாதவன். அதாவது, என்னை மாதிரி ஆள்.

சரி, கதைக்கு வருவோம். 2016-ல் பேங்க் என்னைத் தூக்கி பணஜியில் போட்டது. பையன் படிப்பு கெடக் கூடாது என்று குடும்பம் மதுரையிலேயே இருந்தது. ராத்திரி மெஸ் சாப்பாடு முடிந்ததும் மாண்டவி ஆற்றங்கரையில் நடப்பேன். எதிரில் ஆற்றில் காசினோ கப்பல்கள் விளக்கு அலங்காரத்தோடு நிற்கும். கோவா அரசின் லைசென்ஸோடு நடப்பவை, சட்டத்துக்குப் புறம்பானது எதுவும் இல்லை. ஒரு வருஷம் வெறுமனே வேடிக்கை பார்த்தேன்.

அந்தக் கப்பல் மேல் ஆசை வரக் காரணம் ஒரு அக்கவுண்டன்ட். பெயர் கிறிஸ் மணிமேக்கர், அமெரிக்காவில் டென்னஸி மாநிலத்துக்காரர். நிஜமாகவே அதுதான் அவர் பெயர்! ஆன்லைனில் சின்னத் தொகை கட்டி ஒரு தகுதிப் போட்டியில் ஜெயித்து, 2003-ல் லாஸ் வேகஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியின் முக்கிய ஆட்டத்துக்குப் போனவர். அதையும் ஜெயித்து 25 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு வந்தார். உலகம் முழுக்க போக்கர் பித்து பரவியது அதற்குப் பிறகுதான். ஒரு அக்கவுண்டன்ட் ஜெயிக்கலாம் என்றால், பி.காம். படித்து இருபது வருஷமாக டெபிட் கிரெடிட் பார்க்கிற நான் மட்டும் என்ன சும்மாவா? ஆறு மாசம் பாயிண்டுக்கு ஆடிப் பழகினேன். இரண்டு புத்தகம் படித்தேன். தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

2017 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கையில் இருபதாயிரம் எடுத்துக்கொண்டு போனேன். அது சும்மா கிடந்த பணம் இல்லை. விருதுநகர் வீட்டில் மொட்டை மாடி ஒழுகல். பூசி, பொங்கலுக்கு முன்னால் வெள்ளையும் அடிக்க கொத்தனார் கேட்டிருந்த தொகை. "ஒரு ராத்திரிதானே, திங்கள்கிழமை அனுப்பிடலாம்" என்று எனக்கு நானே சேங்ஷன் பண்ணிக்கொண்டேன்.

பிளைண்ட் 100, 200. நான் 200 வைக்கும் இடத்தில். முன்னால் முழுசாக 20,000. பட்டனில் தொப்பி போட்ட ஒரு பையன், அவனிடமும் 20,000. 600-க்கு ரெய்ஸ் பண்ணினான். 100 வைத்தவர் கவிழ்த்துவிட்டார். என் கையில் ராஜா, ராணி. கால் பண்ணினேன். நடுவில் 1,300.

ஃப்ளாப்: ஆட்டீன் ராஜா, கிளாவர் எட்டு, ஆட்டீன் அஞ்சு. ராஜா ஜோடி! 900 கட்டினேன். கால் பண்ணினான். நடுவில் 3,100.

டர்ன்: ஸ்பேட் ரெண்டு. யாருக்கும் உபயோகமில்லாத சீட்டு. 2,000 கட்டினேன். கால் பண்ணினான். நடுவில் 7,100.

ரிவர்: டைமண்ட் ஜாக்கி. 4,500 கட்டினேன். அதுவரை பேசாமல் கால் பண்ணிக்கொண்டே வந்த பையன், தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "ஆல் இன்" என்றான். மொத்தமும்.

என்னிடம் மீதி 12,000. உள்ளே போயிருப்பது 8,000. மனசுக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: 'எட்டாயிரத்தை விட்டுட்டு எப்படி எந்திரிக்கிறது?' கால் பண்ணினேன். அவன் இரண்டு அஞ்சைத் திருப்பிப் போட்டான். ஃப்ளாப்பில் விழுந்த அஞ்சோடு சேர்த்து மூன்று. ஃப்ளாப்பிலேயே நான் தோற்றுவிட்டேன். அதற்குப் பிறகு கட்டியதெல்லாம் தோற்ற பிறகு நானாகவே விரும்பிக் கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் போட்டேன். "கொத்தனாரை அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா, இப்ப ஆபீஸ்ல கொஞ்சம் டைட்டு." அம்மா ஒன்றும் கேட்கவில்லை. "சரிப்பா, ஒழுகுற எடத்துல அண்டா வச்சுக்கிறேன்" என்று மட்டும் சொன்னது. அடுத்த ஐப்பசி மழையில் ஸ்டோர் ரூம் சுவர் ஊறி, அதில் மாட்டியிருந்த அப்பா அம்மா கல்யாண போட்டோ பாழாகிவிட்டது. வேறு பிரதி கிடையாது.

ஒரு வருஷம் வரை கேட்டவர்களிடமெல்லாம் (கேட்டதே நாலு பேர்) கெட்ட நேரம் என்றுதான் சொன்னேன். பிறகு ஒருநாள் ஆபீஸில் ஒரு வாராக்கடன் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. கடன் கெட்டுப் போனால் நாங்கள் 'கெட்ட நேரம்' என்று ஃபைலை மூடுவதில்லை. எந்தக் கட்டத்தில் எவ்வளவு கொடுத்தோம், அப்போது நமக்கு என்ன தெரியும் என்று வரிசையாக எழுதிப் பார்ப்போம். என் ஆட்டத்தையும் அப்படி எழுதிப் பார்த்தேன்.

முதல் கேள்வி. ரிவரில் நான் 4,500 கட்டினேனே, என்னைவிட மோசமான எந்தக் கை அதற்குக் கால் பண்ணும்? ராஜாவோடு பத்து, ராஜாவோடு ஒன்பது வைத்திருப்பவன் வேண்டா வெறுப்பாகப் பண்ணலாம். ராஜாவோடு ஜாக்கி வைத்திருந்தவனுக்கு ரிவரில் இரண்டு ஜோடி ஆகிவிட்டது, அவன் என்னை ஜெயிக்கிறான். ஆட்டீன் ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருந்தவனுக்கு அது வரவில்லை, அவன் கவிழ்த்துவிடுவான். ஆக, பெரும்பாலும் என்னை ஜெயிப்பவன்தான் பணம் போடுவான். தோற்பவன் ஓடிவிடுவான். இப்படிப் பணம் கட்டுவதற்கு என்ன பெயர்?

இரண்டாவது கேள்வி. அவன் ஆல் இன் சொன்னபோது நான் போட வேண்டியது 12,000. ஜெயித்தால் கிடைக்கும் மொத்தம் 40,100. ஆக, பத்துக்கு மூன்று தடவையாவது அவன் ஏமாற்றுகிறான் என்றால்தான் கால் பண்ணுவது கட்டுப்படியாகும். இரண்டு சுற்று சத்தம் போடாமல் கால் பண்ணிவிட்டு, கடைசிச் சுற்றில் மொத்தத்தையும் தள்ளுகிற ஆள் பத்துக்கு மூன்று தடவை சும்மா மிரட்டுகிறான் என்று நம்ப என்னிடம் என்ன ஆதாரம் இருந்தது? ஒன்றும் இல்லை. இருந்தது 8,000 போன வயிற்றெரிச்சல் மட்டும். காஸ்டிங் பாடத்தில் முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தார்கள், மூழ்கின செலவை முடிவெடுக்கும்போது கணக்கில் சேர்க்காதே என்று. பரீட்சையில் சரியாக எழுதி மார்க்கும் வாங்கினேன் :-(

மூன்றாவது கேள்வி. வேறு மாதிரி ஆடியிருந்தால்? ஃப்ளாப்பில் செக் சொல்லி, அவன் 700 கட்டி, நான் கால் பண்ணியிருந்தால் நடுவில் 2,700. டர்னில் மறுபடி செக், அவன் 1,800 கட்டி நான் கால், நடுவில் 6,300. ரிவரில் மறுபடி செக், அவன் 4,000 கட்டி அதையும் கால் பண்ணித் தோற்றிருந்தாலும் என் நஷ்டம் 7,100. ரிவரில் சந்தேகப்பட்டுக் கவிழ்த்திருந்தால் 3,100-தான். அதே சீட்டு, அதே எதிராளி, அதே தோல்வி. நான் கொடுத்ததோ 20,000. வித்தியாசம் 12,900 ரூபாய். அந்தப் பணத்தில் மாடியையாவது பூசியிருக்கலாம்.

"செக் சொன்னால் ஜெயிக்கும்போதும் குறைவாகத்தானே ஜெயிப்போம்?" என்று அண்ணாச்சி கேட்பார். நியாயமான கேள்வி. ஆமாம், குறையும். ஃப்ளஷ்ஷுக்குக் காத்திருப்பவனுக்கு ஒரு சீட்டு ஓசியில் போகவும் வாய்ப்பு உண்டு. ஃப்ளாப்பில் நாலு ஆட்டீன் வைத்திருப்பவனுக்கு அடுத்த சீட்டிலேயே அது சேர சுமார் 19 சதவீதம், ரிவர் வரை போனால் 35 சதவீதம் வாய்ப்பு. அது சும்மா கிடைத்தால் நமக்கு நஷ்டம்தான். ஆனால் அது சின்னச் சின்ன நஷ்டம். இன்னொரு பக்கம், நாம் செக் சொல்லும்போது ஒன்றுமில்லாதவனுக்கும் மிரட்டிப் பார்க்கத் தோன்றும். நாமே கட்டியிருந்தால் ஓடியிருக்கக் கூடியவன், அவனாகவே பணம் போடுவான். பெரிய நஷ்டத்தை அடைக்க சின்ன லாபத்தை விட்டுக்கொடுப்பது, அவ்வளவுதான் இது.

இதில் நான் வெட்கப்பட வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பேங்க்காரன் தினமும் ஆடுவதே இந்த ஆட்டம்தான். கடன் கொடுப்பவன் எப்போதும் முதலில் பேச வேண்டியவன். பணத்தை நாம் முதலில் கொடுக்கிறோம். வாங்கியவர் என்ன செய்யப் போகிறார் என்பது பிறகுதான் தெரியும். வந்திருப்பவர் நல்ல பார்ட்டிதான், சம்பளம் உண்டு, சொத்து உண்டு. அதுதான் நம் ராஜா ஜோடி. அதற்காக வீடு கட்டும் கடனை ஒரே செக்கில் கொடுத்துவிடுகிறோமா? அஸ்திவாரம் முடிந்ததும் கொஞ்சம், லிண்டல் மட்டம் வந்ததும் கொஞ்சம், கூரை போட்டதும் கொஞ்சம். ஒவ்வொரு கட்டத்திலும் நேரில் போய்ப் பார்க்கிறோம். வியாபாரிக்கு கேஷ் கிரெடிட் கொடுத்தாலும் மாசா மாசம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட் வாங்கி, எடுக்கும் வரம்பைக் கட்டிப் போடுகிறோம். பார்ட்டி மேல் சந்தேகம் என்று அர்த்தம் இல்லை. தகவல் அவர் பக்கம் இருக்கிறது, பணம் நம் பக்கம் இருக்கிறது. அதனால் தொகையைக் கட்டுக்குள் வைக்கிறோம். பகலில் இவ்வளவு விவரமாக இருப்பவன், ராத்திரி கப்பலில் ஏறியதும் தொப்பி போட்ட பையனுக்கு முழுக் கடனையும் ஒரே மூச்சில், ஜாமீன் இல்லாமல், சேங்ஷன் பண்ணினேன்.

அப்போ எப்பவும் பயந்துகொண்டே செக் சொல்ல வேண்டுமா? இல்லை. மூன்று விதிவிலக்கு உண்டு.

ஒன்று, பணம் குறைவாக இருக்கும்போது. முன்னால் மீதி இருக்கும் பணம் நடுவில் இருப்பதைப் போல எத்தனை மடங்கு என்று பார்க்க வேண்டும். மேட் ஃப்ளின், சன்னி மேத்தா, எட் மில்லர் மூவரும் சேர்ந்து 2007-ல் எழுதிய 'ப்ரொஃபஷனல் நோ-லிமிட் ஹோல்டெம்' புத்தகம் இந்தக் கணக்கை விரிவாகச் சொல்கிறது. அன்றைக்கு ஃப்ளாப்பில் என்னிடம் மீதி 19,400, நடுவில் 1,300. ஏறக்குறைய 15 மடங்கு. அத்தனை ஆழமான தண்ணீரில் ஒற்றை ஜோடியோடு இறங்கக் கூடாது. அதுவே மொத்தம் 4,000-த்தோடு உட்கார்ந்திருந்தால் மீதி 3,400, மூன்று மடங்கு கூட இல்லை. அப்போது ராஜா ஜோடியோடு மொத்தத்தையும் தள்ளுவதில் தப்பே இல்லை. அதே கைதான், அளவு மாறினால் மதிப்பும் மாறுகிறது.

இரண்டு, எதைக் கட்டினாலும் கால் பண்ணும் ஆசாமி எதிரில் இருக்கும்போது. அவரிடம் செக் சொல்லிப் பிரயோஜனம் இல்லை, மிரட்டவும் மாட்டார், ஓடவும் மாட்டார். அளவாகக் கட்டி வசூல் பண்ண வேண்டியதுதான். ஆனால் அவரே திடீரென்று ரெய்ஸ் பண்ணினால் கும்பிடு போட்டுவிட்டுக் கவிழ்த்துவிடுங்கள்.

மூன்று, ஃப்ளாப்பைப் பார்க்க நாலைந்து பேர் வந்து, நடுவிலும் ஒரே ஜாதி சீட்டு இரண்டு கிடக்கும்போது. எல்லாருக்கும் ஓசியில் அடுத்த சீட்டைக் காட்டக் கூடாது. ஃப்ளாப்பில் ஒரு தடவை கட்டிப் பாருங்கள். கூட்டம் கலையவில்லை என்றால் டர்னில் வேகத்தைக் குறையுங்கள். அத்தனை பேரில் ஒருவரிடமாவது ஒற்றை ஜோடியைவிட நல்லது இருக்கும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொன்று. பிளைண்டில் உட்கார்ந்துகொண்டு, "ஏற்கெனவே 200 வச்சாச்சே" என்று ராஜாவோடு நாலு, ராஜாவோடு ஆறு மாதிரி கைகளை வைத்துக் கால் பண்ணாதீர்கள். ராஜா விழுந்தாலும் கிக்கர் காலை வாரும். விழாவிட்டால் வெறுங்கை. போகாத ஊருக்கு வழி கேட்காமல் இருப்பதே நல்லது.

இந்த இடத்தில் சிலர், "அதான் கோர்ட்டே திறமை ஆட்டம்னு சொல்லிடுச்சே" என்பார்கள். ரம்மி திறமை சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொன்னது. போக்கர் சூதாட்டம்தான் என்று 2017-ல் குஜராத் உயர் நீதிமன்றம் சொன்னது. ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடே வேண்டாம் என்று, ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் எல்லா ஆட்டத்தையும் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. சட்டச் சண்டையை வக்கீல்கள் பார்த்துக்கொள்ளட்டும். என் அனுபவத்தில் சொல்கிறேன்: திறமை ஆட்டம் என்பது ஆறுதல் இல்லை, எச்சரிக்கை. அதிர்ஷ்ட ஆட்டத்தில் நானும் தொப்பிக்காரப் பையனும் சமம். திறமை ஆட்டத்தில் அவன் கற்றுக்கொண்டதற்கும் சேர்த்து நான் பணம் கொடுக்கிறேன். இதில் ஒவ்வொரு கைக்கும் மேஜைக்காரர்கள் எடுத்துக்கொள்ளும் கமிஷன் வேறு தனி.

சீட்டே ஆடாதவர்களுக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, வெளியூரில் இருக்கும் நம்ம ஜனத்துக்கு முக்கியமாக. லீவில் ஊருக்குப் போய் மனை பார்க்கிறோம். கையில் பணம் உண்டு, லோனும் கிடைக்கும். நல்ல கைதான். ஆனால் முதலில் பேசுவது நாம். "எவ்ளோ வரைக்கும் போகலாம்னு இருக்கீங்க தம்பி?" என்று புரோக்கர் கேட்க, நாமும் பட்ஜெட்டைச் சொல்லிவிடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நமக்கு ட்ரெயின் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த வில்லங்கம் நமக்குத் தெரியாது. ஒரே நாளில் பெரிய அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்து வருஷக்கணக்கில் அலைகிறவர்களை என் மேஜைக்கு எதிரில் பார்த்திருக்கிறேன். பணம் இருக்கிறது என்பதற்காக முதல் சுற்றிலேயே தள்ளாதீர்கள். சின்ன டோக்கன் அட்வான்ஸ், வில்லங்கச் சான்றிதழ், தாய்ப்பத்திரம், பிறகு அடுத்த தொகை. அவர்கள் பேசட்டும், நாம் கேட்போம்.

அந்த சனிக்கிழமைக்கு வருகிறேன். அண்ணாச்சியும் கீழ்வீட்டுக்காரரும் கிளம்பிப் போன பிறகு, பையனை உட்கார வைத்து 2017 கதையை முழுசாகச் சொன்னேன். அதுவரை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. அவன் கணக்கையெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்பத்தாவுக்குத் தெரியுமாப்பா?"

பதில் சொல்வதற்குள் சோபாவிலிருந்து தங்கமணி குரல். "எனக்கு அன்னைக்கே தெரியும். சனிக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு பணஜியில இருபதாயிரம் எடுத்ததா மெசேஜ் வந்துச்சு." அந்த அக்கவுண்ட்டில் பதிந்திருந்தது தங்கமணியின் போன் நம்பர். பேங்க் ஆபீஸருக்கு அது ஞாபகமில்லை! "ஏங்க, நீங்களா எப்ப சொல்றீங்கன்னு பாத்துட்டு இருந்தேன்" என்றாங்க. முதலில் பேசுபவனுக்கு எதிராளி கையில் என்ன இருக்கிறது என்று தெரியாது என்று அவ்வளவு நேரம் பாடம் நடத்தியது நான்தான்.

மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "போட்டோ போனா போகுது, நீ மனசுல வச்சுக்காத. புளி இன்னும் இருக்கா, தீந்துபோச்சா?" என்றது.

நேற்று ராத்திரி மறுபடி ஆட்டம். பையன் பிளைண்டில், கையில் ராஜாவும் பத்தும். ஃப்ளாப்பில் ராஜா விழுந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு "செக்" என்றான். அண்ணாச்சி பத்துக் கொட்டை கட்டினார், பையன் கால் பண்ணினான். டர்னில் இரண்டு பேரும் செக். ரிவரில் பையன் செக், அண்ணாச்சியும் செக். திருப்பிப் பார்த்தால் அண்ணாச்சியிடம் எட்டு ஜோடி. பையன் நடுவில் இருந்த கொட்டையை எண்ணி இழுத்துக்கொண்டான். முப்பத்தி நாலு.

"இவ்ளோதானாப்பா?" என்றான், முகத்தில் சந்தோஷமே இல்லாமல்.

"இவ்ளோதான்டா. சீட்டைக் கலைச்சுப் போடு."